குடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மதுரைக் கல்லூரி ஒன்றில் படிக்கும் ஆறு பேர் எழுதியிருக்கிறீர்கள். சிலருக்கு நடனம் தெரியும், சிலருக்குக் கணினி தெரியும். கையில் இரண்டு வி.ஆர். கண்ணாடி (முகத்தில் மாட்டினால் கணினி வரைந்த மெய்நிகர் உலகம் மட்டும் கண்ணுக்குத் தெரியும் பெட்டி), ஒரு மடிக்கணினி, ஒரு ப்ராஜெக்டர். தை மாதக் கலைவிழாவில் நடனத்தையும் மெய்நிகர் உலகத்தையும் சேர்த்து, வருபவர்களும் கலந்து விளையாடும்படி ஒன்றைச் செய்ய ஆசை. ஆயிரங்கால் மண்டபம் போல ஒரு மண்டபத்தைக் கணினியில் கட்டி, உங்கள் தோழி அதில் பரதம் ஆட, வருபவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிப் பார்ப்பார் என்பது திட்டம். இது சரிவருமா, எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மென்பொருள் கடைசிக் கவலை. திட்டம் சரிவராது. காரணம் எளிய கணக்கு.

ஒருவர் கண்ணாடியை மாட்டி, வாரை இறுக்கி, எங்கே நிற்கிறோம் என்று பிடிபட்டு, மூன்று நிமிடம் ஆடிக் கழற்றிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும். ஒரு கண்ணாடிக்கு மணிக்கு 12 பேர், இரண்டுக்கும் சேர்த்து 24 பேர். மூன்று மணி நேர விழா என்றால் 72 பேர், அதுவும் பாட்டரி கைகொடுத்தால். மற்ற நூற்றுக்கணக்கான பேர் என்ன செய்வார்கள்? முகத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒருவர் காற்றைத் துழாவுவதை ஒரு நிமிடம் பார்ப்பார்கள். பிறகு பஜ்ஜிக் கடைப் பக்கம் போய்விடுவார்கள்.

ஆனால் அதே தை மாதத்தில், நம் ஊர்த் தெருக்களில் ஒருவர் கண்ணைக் கட்டிவிட்டால் கூட்டம் கலையவே கலையாது. பொங்கலுக்குப் பானை உடைப்பதைச் சொல்கிறேன். கண்ணைக் கட்டி, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, கையில் கம்பைக் கொடுக்கிறார்கள். பானை எங்கே என்று கம்பு வைத்திருப்பவருக்குத் தெரியாது, ஊருக்கே தெரியும். “இடது பக்கம், இடது பக்கம்” என்று பாதிப் பேர் உண்மையைச் சொல்கிறார்கள், மீதிப் பேர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார்கள். ஆடுபவர் ஒருவர்தான், ஆட்டம் எல்லாருக்கும். வி.ஆர். கண்ணாடியும் ஒரு கண்கட்டுதான். மாட்டிக்கொண்டவர் பார்வையாளர் அல்லர், அவர்தான் ஆட்டக்காரர். சுற்றி நிற்கும் கூட்டத்துக்காக நீங்கள் உழைக்க வேண்டும். இதை ஒப்புக்கொண்டால் மேலே படியுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் மண்டபத்தையே கட்டுங்கள், அழகாக இருக்கும், 72 பேர் பார்ப்பார்கள்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. இந்தத் துறையின் நல்ல படைப்புகள் சுற்றி நிற்பவர்களை மறந்ததில்லை. கனடாவைச் சேர்ந்த கலைஞர் சார் (Char) டேவிஸ் 1995இல் ‘ஆஸ்மோஸ்’ என்ற படைப்பைச் செய்தார். உள்ளே போகிறவர் கையில் எந்தக் கருவியும் இல்லை. மார்பில் ஓர் உணர்வுப்பட்டை இருக்கும். மூச்சை இழுத்தால் மேலே மிதப்பார், விட்டால் இறங்குவார், உடம்பைச் சாய்த்தால் திசை மாறும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். ஆனால் வெளியே இருப்பவர்களுக்கு இரண்டு காட்சிகள் இருந்தன. உள்ளே இருப்பவர் காண்பது ஒரு திரையில் விழும். ஒளி ஊடுருவும் இன்னொரு திரையில் அவருடைய உடம்பின் நிழல் தெரியும். பெட்டி மாட்டிய தலை, மெல்ல எழுந்து தாழும் தோள், நீளும் கை. தோல்பாவைக் கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு அந்த நிழலின் மதிப்பைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ப்ராஜெக்டர் ஒன்றுதான் இருக்கிறது என்றால் நிழலுக்குச் செலவே இல்லை. ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, பின்னால் ஒரு விளக்கை வைத்தால் போதும். ஆட்டக்காரர் விளக்குக்கும் வேட்டிக்கும் நடுவில் நிற்பார்.

அதற்கும் முன்னால், 1970களிலேயே, அமெரிக்காவில் மைரன் குரூகர் என்ற கணினிக் கலைஞர் கண்ணாடியே இல்லாமல் இதைச் செய்தார். ‘வீடியோபிளேஸ்’ என்று பெயர். கேமரா ஆளைப் பார்த்து அவருடைய நிழலுருவைத் திரையில் போடும். வேறு அறையில் இருப்பவரின் நிழலுருவும் அதே திரைக்கு வரும். இரண்டு நிழல்கள் தொட்டுக்கொள்ளும், ஒன்றை ஒன்று தள்ளும், தூக்கும். ஒரு குட்டிப் பூச்சி நிழலின் கையில் ஏறித் தலைக்குத் தாவி ஆடும். விளையாட்டு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பழைய உதாரணம் எனக்குத் தெரியாது. 1968இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லேண்ட் செய்த தலைக்கருவியோ கூரையிலிருந்து தொங்கியது. அதை மாட்டிக்கொண்டு யார் ஆடுவது?

அண்மைக்கு வந்தால், சுவிட்சர்லாந்தின் நடன அமைப்பாளர் ஜில் ஜோபன் 2017இல் ‘வி.ஆர்._ஐ’ என்ற படைப்பைத் தந்தார். ஐந்து பேர் ஒரே நேரத்தில் உள்ளே போகலாம், ஒருவரை ஒருவர் உடம்போடு பார்க்கலாம், நடந்து திரியலாம். அரக்கர் அளவில் ஆடும் கலைஞர்களும் வருகிறார்கள், உள்ளங்கை அளவில் ஆடுபவர்களும் வருகிறார்கள். அதற்கு வேண்டிய, உடம்பின் அசைவைக் கணினியில் பதியும் கூடமும் பணமும் நம்மிடம் இல்லை. அதனால் நகலெடுக்க முயல வேண்டாம். ஆனால் அளவை மாற்றுவது என்ற யோசனையை மட்டும் திருடிக்கொள்ளலாம், அதற்குக் காசு வேண்டாம்.

இனி, நான் கையால் தொட்டுப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், நண்பர்களோடு சேர்ந்து கரகாட்டத்தை வைத்து ஒரு விளையாட்டுச் செய்து பார்த்தோம். மாட்டிக்கொள்பவரின் தலையில் ஒரு மெய்நிகர்க் கரகம். சிந்தாமல் ஆட வேண்டும். கண்ணாடிக்குள் சாய்வை அளக்கும் உணரிகள் ஏற்கெனவே இருக்கின்றன, தலை எத்தனை டிகிரி சாய்ந்தது என்று நொடிக்குப் பல முறை அதுவே சொல்லிவிடும். ஆகவே கணக்கு எளிது. கரகம் தெரிய வேண்டுமே என்று எதிரில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடியை வரைந்து, அதில் குடமும் உச்சியில் கிளியும் தெரியும்படி வைத்திருந்தோம். எங்களுக்கே எங்கள் வேலை பிடித்துப்போயிருந்தது.

சோதித்துப் பார்க்க, இருபது ஆண்டுக்கு மேலாகக் கரகம் எடுக்கும் ஓர் அக்காவை அழைத்திருந்தோம். முதல் தகராறு கொண்டையில் வந்தது. சவுரி வைத்து இறுக்கிய கொண்டை, மேல்வார் அதன்மேல் ஏறவே இல்லை. வாரை முழுவதும் தளர்த்தி, கொண்டைக்குக் கீழே கொண்டுபோய்ப் பூட்டினோம். மல்லிகைச் சரத்தைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தவில்காரர் தொடங்கினார். அக்கா இரண்டு அடி எடுத்து வைத்தார், நின்றுவிட்டார்.

“தம்பி, எதிரில் ஒரு பெண் குடம் வைத்துக்கொண்டு நிற்கிறாள். யார் அது?”

“நீங்கள்தான் அக்கா. அது நிலைக்கண்ணாடி.”

“அதை எடுத்துவிடுங்கள். குடம் கண்ணுக்குத் தெரிந்தால் ஆட்டம் வராது. நான் ஆடும்போது என் கரகத்தைப் பார்த்ததே இல்லை. இறக்கி வைத்த பிறகுதான் பார்ப்பேன்.”

“அப்புறம் எப்படித் தெரியும், எங்கே இருக்கிறதென்று?”

“கழுத்துக்குத் தெரியும்.”

எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக, தலைக்கு மேலே குடத்தில் தண்ணீர் தளும்பும் ஓசையை வைத்தோம். இடப்பக்கம் சாய்ந்தால் ஓசை இடப்பக்கம் ஓடும், 15 டிகிரி தாண்டினால் சிந்தும் சத்தம். ஆடுபவருக்குக் குடம் தெரியாது, கேட்கும். சுவரில் விழும் ப்ராஜெக்டர் காட்சியிலோ ஊருக்கே தெரியும், கிளி ஆடுவதும் தண்ணீர் விளிம்புக்கு வருவதும். அவ்வளவுதான், பானை உடைக்கும் கூட்டம் மண்டபத்துக்குள் வந்துவிட்டது. “வலது பக்கம் போகிறது அக்கா” என்று ஒரு பையன் கத்தினான். கரகம் எடுத்தவருக்கே வழி சொல்கிறானே என்று எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து அவனே மாட்டிக்கொண்டு வந்து நின்றான். நான்காவது நொடியில் முழுக் குடமும் கவிழ்ந்தது.

அக்கா போகும்போது இன்னொரு குறை சொன்னார். கரகம் உச்சியில் உட்காரும், இது முகத்தில் தொங்குகிறது என்றார். உண்மைதான். இப்போதுள்ள தனித்தியங்கும் கண்ணாடிகள் அரைக் கிலோ அளவில் இருக்கின்றன, பாரம் பெரும்பாலும் முன்பக்கத்தில். பின்வாரில் ஒரு பவர் பேங்க்கைக் கட்டிவிடுங்கள். எடையும் சமனாகும், பாட்டரியும் நீடிக்கும். குடத்துக்கு அடியில் அரிசியோ மணலோ போட்டுச் சமன் செய்கிறவர்களுக்கு இது புதிய வித்தை அல்ல.

இரண்டாவதாக ஒரு விளையாட்டை நான் உங்களுக்காகவே யோசித்தேன், இன்னும் செய்து பார்க்கவில்லை. மீனாட்சி அம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் நடராசர் கால் மாறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மற்ற இடங்களில் இடக்காலைத் தூக்கி ஆடுபவர் இங்கே வலக்காலைத் தூக்கியிருக்கிறார். கதை உங்கள் பாட்டிக்குத் தெரியும். அறுபத்து மூன்று கலை கற்ற ராஜசேகர பாண்டியன், விட்டுப்போன பரதத்தையும் கற்கத் தொடங்குகிறான். உடம்பு வலிக்கிறது. அந்த வலியோடு கோயிலுக்கு வந்து நின்றபோதுதான், எந்நேரமும் ஒரே காலில் நிற்பவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று உறைக்கிறது. மாற்றி ஆடு, இல்லாவிட்டால் வாளில் விழுவேன் என்கிறான். ஆட்டத்தைப் பார்த்தவனுக்கே கால் வலித்தது என்று சொல்லும் கதை வேறெங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை, நம் ஊரில் இருக்கிறது.

இதை விளையாட்டாக்கலாம். ஒரு நிபந்தனை, கண்ணாடி மாட்டியவரை ஒற்றைக் காலில் நிற்க வைக்கக் கூடாது. நிலை தவறாமல் நிற்பதில் கண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலில் நின்று பாருங்கள், புரியும். ஆகவே காலைத் தூக்க வேண்டியது கூட்டத்தின் வேலை. தரையில் ஒரு கோலம் போடுங்கள். வெளியே இருப்பவர்களில் ஒருவர் அதில் ஒற்றைக் காலில் நிற்பார். எதிரில் ஒரு சாதாரண வெப்கேம். கூகுளின் ‘மீடியாபைப்’ (MediaPipe) போன்ற இலவசக் கருவி ஓர் உடம்பில் 33 புள்ளிகளைக் கண்டுபிடித்துச் சொல்லும், கணுக்கால்களும் அதில் அடக்கம். ஒரு கணுக்கால் இன்னொன்றைவிட உயரத்தில் இருக்கும்வரை, கண்ணாடிக்குள் ஓர் ஒளியுருவம் அவர் ஊன்றிய அதே காலில் நின்று ஆடும். கண்ணாடி மாட்டியவர் கைகளை மட்டும் அசைப்பார், உருவத்தின் கைகள் அவருடையவை. அதாவது கால் வெளியே, கை உள்ளே. கோலத்தில் நிற்பவர் தள்ளாடினால் உள்ளே உருவமும் தள்ளாடும். உள்ளே இருப்பவர் “மாறு” என்று கத்த வேண்டும், அடுத்தவர் ஓடிவந்து மறுகாலைத் தூக்க வேண்டும். உருவம் கால் மாறும்போது தவில் முடிப்புக் கோர்வையாக ஒரு தீர்மானம் வைக்கட்டும். சாமி உருவத்தைப் போடாதீர்கள், தேவையில்லாத வம்பு. உங்கள் தோழியின் அசைவைப் பதிவு செய்து ஒளிக்கோடுகளாக மாற்றினால் போதும். அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1999இல் ‘பைபெட்’ நடனத்தில் பதிவு செய்த அசைவுகளை அப்படித்தான் மெல்லிய முன்திரையில் கோட்டுருவங்களாக விழ வைத்தார். நமக்கு அந்த முன்திரைக்கு வெள்ளைக் கொசுவலை போதும்.

கேமரா ஒரே நேரத்தில் பலரைப் பார்த்தால் குழம்பும், அதனால்தான் கோலம். கோலத்துக்குள் நிற்பவர் மட்டும் படச் சட்டத்துக்குள் வரும்படி கேமராவைப் பொருத்துங்கள்.

இப்போது பரதத்தைப் பற்றி. உங்கள் தோழி வருத்தப்படலாம், ஆனாலும் சொல்கிறேன். கண்ணாடி மாட்டியவர் ஆடுவதற்குப் பரதம் பொருந்தாது. பாதி முகத்தை மூடியபின் அபிநயம் எங்கே? கைகளை எடுத்துக்கொண்டாலும், ஒற்றைக் கை முத்திரைகள் 28இல் பதாகம், சிகரம் போன்றவற்றைக் கண்ணாடியின் கேமராக்கள் ஓரளவு பிடிக்கும். இரு கை விரல்களைக் கோத்துப் பிடிக்கும் கற்கடகத்தைக் காட்டினால் எந்த விரல் யாருடையது என்று அதற்குத் தெரியாது. கையைத் தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் நீட்டினாலும் கேமராவின் பார்வையைவிட்டுப் போய்விடும். கை போகும் வழியில் கண் போக வேண்டும் என்று வகுப்பில் முதல் வாரமே சொல்வார்கள். இங்கே கண் போனால் போதாது, தலையே போக வேண்டும், ஏனென்றால் கேமரா நெற்றியில் இருக்கிறது. ஒயிலாட்டம், கும்மி, கோலாட்டம், கரகம் எல்லாம் முகத்தை நம்பி நிற்பவை அல்ல. அவற்றை எடுங்கள். ஒயிலாட்டக் கைக்குட்டை இன்னொரு வசதி. பளிச்சென்ற ஒரே நிறமாக இருந்தால் எந்த வெப்கேமும் அதைப் பின்தொடரும், விரலை எண்ண வேண்டிய தொல்லை இல்லை.

தாளம். இதில்தான் கணினிக்காரர்கள் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். கண்ணாடிக்குள் தலை திரும்புவதற்கும் காட்சி திரும்புவதற்கும் இடையே 20 மில்லி நொடிக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி, அதைக் கருவியே பார்த்துக்கொள்ளும். ஆனால் வெப்கேம் பார்த்து, கணினி யோசித்து, வைஃபை வழியாகப் போய்ச் சேரும் அசைவு அதைவிடப் பல மடங்கு தாமதமாகும். ப்ளூடூத் ஒலிபெருக்கி வைத்தால் ஓசையும் பின்னால் வரும். அடிக்கு அடி பொருந்த வேண்டும் என்று அடம்பிடித்தால் தோற்பீர்கள். விடை மிகப் பழையது. ஆட்டக்காரரின் காலைப் பார்த்து வாசிக்கிறவர் தவில்காரர். அவரை அழைத்து உட்கார வையுங்கள், தாமதத்தை அவர் தின்றுவிடுவார். பதிவு செய்த இசையை ஓடவிட்டு ஆளை அதற்குள் அடைக்காதீர்கள். ஒலிபெருக்கிக்குக் கம்பி போடுங்கள், கல்லூரி வைஃபையைத் தொடாதீர்கள், சொந்தமாக ஒரு ரூட்டர் வையுங்கள்.

எங்கள் மண்டபத்தில் நடந்த கூத்தையும் கேளுங்கள். காட்சி பளிச்சென்று தெரியட்டும் என்று விளக்குகளை எல்லாம் அணைத்தோம். கண்ணாடி தான் எங்கே இருக்கிறது என்பதை அறையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. இருட்டில் அதற்கு வழி தவறிவிடும். உள்ளே இருந்த பையனுக்குத் தரை மெல்ல நழுவியது. பயந்துபோய் உட்கார்ந்தான், உட்கார்ந்த இடத்தில் தவில் இருந்தது. பையனுக்கு ஒன்றுமில்லை, தவிலுக்கும் ஒன்றுமில்லை, தவில்காரரின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து ஆடும் இடத்தில் மட்டும் ஒரு மங்கல் விளக்கை எரியவிடுகிறோம். வெறும் வெள்ளைச் சுவரும் கருவிக்கு ஆகாது, பிடித்துக்கொள்ள அடையாளம் வேண்டும். பழைய மாதக் காலண்டர் தாள்களைக் கோணல்மாணலாக ஒட்டினோம், சரியாகிவிட்டது. வெயிலில் ஒருநாளும் வைக்காதீர்கள். லென்ஸ் வழியாகச் சூரியன் உள்ளே விழுந்தால் திரை பொசுங்கிவிடும்.

மற்றவை சுருக்கமாக. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடம், நடுவில் வழுக்காத ரப்பர் விரிப்பு, வெறுங்கால். விரிப்பின் ஓரம் காலில் பட்டால் உள்ளே இருப்பவருக்கு எல்லை தெரிந்துவிடும். காட்சியில் தரையையோ ஆளையோ நீங்களாக நகர்த்தாதீர்கள். கண் நகர்கிறேன் என்றும், உடம்பின் நிலையை உணரும் உள்காது நிற்கிறேன் என்றும் சொன்னால் குமட்டும். ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு காவலாள், பெண்களுக்கு மாட்டிவிட ஒரு பெண். திருநீறும் குங்குமமும் தேங்காய் எண்ணெயும் கண்ணாடியின் முகப் பஞ்சில் ஏறினால் பத்தாவது ஆள் மாட்டவே மாட்டார். துடைக்கும்படியான சிலிக்கான் உறை வாங்குங்கள், லென்ஸை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடையுங்கள். சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். தயாரிப்பாளர் சொல்லும் வயது வரம்பைப் பார்த்து வாசலிலேயே எழுதி வையுங்கள், கோலத்தில் நிற்க அவர்களுக்குத் தடையில்லை.

ஒன்றை மட்டும் எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கரகக் கலைஞர் ஒருவரின் அசைவைப் பதிவு செய்தால், அது அவர் ஒரு இரவு ஆடிய ஆட்டம் போல முடிந்துவிடுவதில்லை. அடுத்த ஆண்டும் அதே அசைவை அவர் இல்லாமலே ஆட வைக்கலாம். ஒரு நாள் சம்பளம் கொடுத்துவிட்டு அதைச் செய்வது முறையல்ல. எத்தனை முறை, எங்கே, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

மென்பொருள் கேட்டீர்கள் அல்லவா? விளையாட்டுகள் செய்யப் பயன்படும் யூனிட்டி (Unity) போதும். ஆனால் அதைத் திறப்பதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய கைக்குட்டையும் ஒரு எவர்சில்வர்ச் சொம்பும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். ஒருவர் கண்ணைக் கட்டி, தலையில் துண்டைச் சும்மாடு சுற்றி, அரைச் சொம்புத் தண்ணீரை வையுங்கள். மற்ற ஐந்து பேரும் சுற்றி நின்று வழி சொல்லுங்கள், ஒருவர் மட்டும் பொய் சொல்லட்டும். பக்கத்து மாடியில் துணி உலர்த்துபவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்களா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.